பழைய தேக்கு ஜன்னலைக் கழற்றாமலே லாரி சத்தம், தூசியைக் குறைக்க முடியுமா? 'இரண்டாம் கண்ணாடி' என்றால் என்ன?

இரவு 11 மணி. விம்கோ நகரில் விளக்கை அணைத்துவிட்டு படுக்கிறீர்கள். ஒரு பக்கம் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை, கடற்கரை ஓரம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் சத்தம். காலையில் எழுந்து ஜன்னல் திண்டில் விரலை வைத்துப் பார்த்தால் கறுப்பாகத் தூசி.

விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என வடசென்னையில் வசிப்பவர்களுக்கு இது புதிய கதை இல்லை. இதற்குப் பெரும்பாலானோர் யோசிக்கும் தீர்வு ஒன்றுதான். "இந்த ஓட்டை மர ஜன்னலைப் பிடுங்கிப் போட்டுட்டு யுபிவிசி ஜன்னல் வெச்சிடலாம்".

ஆனால், உங்கள் வீடு 60, 80 ஆண்டு பழைய வீடாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பழைய ஜன்னலை அப்படியே வைத்துக்கொண்டு, அறைக்கு உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி ஜன்னலைப் பொருத்தும் முறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'செகண்டரி கிளேசிங்' என்று பெயர். இந்தக் கட்டுரையில் எளிமையாக 'இரண்டாம் கண்ணாடி' என்று சொல்வோம்.

இது எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊர் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் சரிப்பட்டு வருமா? எங்கே பலன் தரும், எங்கே பணம் வீண்? விரிவாகப் பார்க்கலாம்.

வடசென்னை ஜன்னலுக்கு என்ன பிரச்னை?

விம்கோ நகர் என்ற பெயரே ஒரு தொழிற்சாலையின் பெயர்தான். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் சுருக்கம் 'விம்கோ'. ஆலையைச் சுற்றி குடியிருப்பு வளர்ந்தது. அருகிலேயே எண்ணூரில் லாரி தயாரிப்பு ஆலை, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் ஆலை, அனல் மின் நிலையங்கள், 2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம் என வரிசையாக வந்தன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது.

வேலையும் போக்குவரத்தும் வந்த அதே பாதையில் சத்தமும் தூசியும் வந்தன. ராயபுரம் பகுதி மக்கள் நிலக்கரித் தூசியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். கடைசியில் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சென்னை துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வதை 2011 அக்டோபர் 1 முதல் நிறுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு நிலக்கரி எண்ணூர் பக்கம் நகர்ந்தது. அதாவது, ராயபுரத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. எண்ணூர் பக்கத்துக்கு கூடுதல் சுமை.

சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அனுமதி. வணிகப் பகுதியில் பகல் 65, இரவு 55. தொழிற்சாலைப் பகுதியில் பகல் 75, இரவு 70. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. படுக்கை அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல்.

வெளியே லாரி போகும்போது 75 டெசிபல், உள்ளே தூங்கத் தேவை 30 டெசிபல். இந்த 45 டெசிபல் இடைவெளியில் நிற்பது உங்கள் வீட்டு ஜன்னல் மட்டும்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தூக்கமும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவரின் தூக்கமும் அந்த ஜன்னலை நம்பித்தான் இருக்கின்றன.

அப்போ பழைய ஜன்னலை மாத்திடலாமே?

மாற்றலாம். ஆனால், என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

பழைய வீட்டு ஜன்னல்கள் பலவும் தேக்கு மரம். பல வீடுகளில் பர்மா தேக்கு. முதிர்ந்த மரத்தில் இருந்து அறுத்த பலகை என்பதால்தான் இத்தனை ஆண்டு உப்புக் காற்றிலும், மழையிலும், கரையானிலும் தாக்குப்பிடித்து நிற்கிறது. இன்று அதே தரத்தில் மரம் வாங்கி, அதே மாதிரி இழைத்துச் செய்ய வேண்டுமென்றால் செலவு கையைக் கடிக்கும். கழற்றிய ஜன்னல் பழைய மரக்கடைக்குப் போனால் திரும்பி வராது.

இன்னொரு விஷயம். ஒரு அங்குல கனமுள்ள தேக்குப் பலகை, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 16 கிலோ எடை இருக்கும். 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. சத்தத்தைத் தடுப்பதில் எடைதான் முக்கியம். அதாவது, உங்கள் பழைய ஜன்னல் கதவின் பலகை, கனமான கண்ணாடிக்கு சமமான தடுப்பு. அப்புறம் ஏன் சத்தம் வருகிறது?

காரணம் பலகை இல்லை. இடுக்கு.

ஜன்னல் பரப்பில் வெறும் 1 சதவீதம் ஓட்டை இருந்தால் போதும். மீதி 99 சதவீதம் கோட்டைச் சுவராகவே இருந்தாலும், அந்த ஜன்னல் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைத் தடுக்காது. இது ஒலி இயற்பியலின் எளிய கணக்கு. நாலடிக்கு நாலடி ஜன்னலில் 1 சதவீதம் என்றால் ஓர் உள்ளங்கை அளவு இடம்தான். இரண்டு கதவு சேரும் இடம், கீல் பக்கம், கீழ் விளிம்பு, மேலே சாத்தவே முடியாத வெண்டிலேட்டர் என இதெல்லாம் சேர்ந்தால் உள்ளங்கையைத் தாண்டிவிடும். தூசி வருவதும் இதே வழியில்தான்.

இரண்டாம் கண்ணாடி என்ன செய்கிறது?

பழைய ஜன்னல் வெளியே அப்படியே இருக்கும். கம்பியும் அப்படியே இருக்கும். அறைக்கு உள்பக்கம், சுவரின் கனத்துக்குள்ளேயே ஒரு மெல்லிய சட்டம் அமைத்து, அதில் கண்ணாடிக் கதவு பொருத்துவார்கள். அது பக்கவாட்டில் நகரலாம், உள்பக்கம் திறக்கலாம், அல்லது தேவைப்படும்போது கழற்றி எடுக்கும் மாதிரியும் இருக்கலாம். அவ்வளவுதான்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. வியன்னா, பெர்லின் போன்ற நகரங்களில் 19-ஆம் நூற்றாண்டு வீடுகளிலேயே ஒரே திறப்பில் முன்னும் பின்னுமாக இரண்டு ஜன்னல்கள் வைத்துக் கட்டினார்கள். பிரிட்டனில் பாரம்பரியக் கட்டடங்களின் ஜன்னலை மாற்ற அனுமதி கிடைப்பது கடினம். அதனால் அங்கே இரண்டாம் கண்ணாடி சர்வசாதாரணம். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஒரு பழைய மர ஜன்னலை வைத்து நடத்திய சோதனையில், மரக் கதவைச் சாத்தினால் வெப்ப இழப்பு பாதிக்கு மேலும், இரண்டாம் கண்ணாடி பொருத்தினால் சுமார் 60 சதவீதமும் குறைந்தது.

ஆனால் அது குளிர் நாட்டு கணக்கு. அங்கே உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது. நமக்கு நேர் எதிர். அதனால் அந்த விளம்பரங்களை அப்படியே நம்பி இங்கே வாங்கக் கூடாது. நம்ம ஊரில் இதன் பலன் வரிசையே வேறு. முதலில் சத்தம், அடுத்து தூசி, மூன்றாவதுதான் வெப்பம்.

சத்தம் எவ்வளவு குறையும்?

இங்கேதான் பழைய வீட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் 9 அங்குலம் முதல் ஒன்றரை அடி வரை கனம் இருக்கும். அந்தக் கனம்தான் இரண்டாம் கண்ணாடிக்கு இடம்.

இரண்டு தடுப்புக்கு நடுவில் இருக்கும் காற்று, ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். இடைவெளி குறைவாக இருந்தால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். வெளிப்பக்கம் அதிர்ந்தால் உள்பக்கமும் சேர்ந்து அதிரும். கடையில் கிடைக்கும் இரட்டைக் கண்ணாடி யூனிட்டில் இடைவெளி 12 மி.மீ. அளவுதான். 4 மி.மீ., 6 மி.மீ. கண்ணாடிகளுக்கு இந்த அதிர்வு சுமார் 220 ஹெர்ட்ஸில் வரும். லாரி உறுமல் இருக்கும் பகுதியும் கிட்டத்தட்ட அதுதான். அதே கண்ணாடிகளை 100 மி.மீ., அதாவது 4 அங்குலம் தள்ளி வைத்தால், அந்த பலவீனமான புள்ளி 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். காதுக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

அதனால் சத்தத்துக்கு என்றால் 4 முதல் 8 அங்குலம் இடைவெளி தேவை. புது ஃப்ளாட்டின் மெல்லிய சுவரில் இதற்கு இடமே இருக்காது. பழைய வீட்டில் இருக்கிறது. பழைய ஜன்னலை எடுத்துவிட்டு ஒற்றை யுபிவிசி ஜன்னல் வைப்பதைவிட, பழைய ஜன்னலோடு இரண்டாம் கண்ணாடி சேர்த்தால் சத்தம் அதிகம் குறைய வாய்ப்பிருப்பது இதனால்தான்.

எண்ணில் சொன்னால், நன்றாக இடுக்கு அடைத்து, 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் பொருத்தினால் மொத்தமாக 35 முதல் 45 டெசிபல் வரை தடுக்க முடியும். இடுக்குள்ள பழைய ஜன்னல் மட்டும் என்றால் 15 முதல் 20. வெளியே 75 என்றால், முன்பு உள்ளே 55-க்கு மேல் கேட்டது இனி 40-க்குள் வரும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு சத்தம் பாதியானது போல இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் சத்தம், பிரேக் கிறீச்சிடுவது, பேச்சுக் குரல் எல்லாம் நன்றாகக் குறையும். கனரக லாரி நிற்கும்போது வரும் 'டுர்ர்ர்' என்ற அடி உறுமல் அந்த அளவுக்குக் குறையாது. ரயில் போகும்போது தரை வழியாக வரும் அதிர்வை எந்தக் கண்ணாடியும் தடுக்காது.

வெயில் சூடு குறையுமா?

பலரும் ஏமாறும் இடம் இது. ஒரு சின்ன கணக்கு போடலாம்.

ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல். வெளியே 36 டிகிரி, உள்ளே ஏசியில் 26 டிகிரி. ஒற்றைக் கண்ணாடி என்றால் இந்த 10 டிகிரி வித்தியாசத்தால் உள்ளே வரும் வெப்பம் சுமார் 85 வாட். இரண்டாம் கண்ணாடி போட்டால் அது பாதியாகி சுமார் 42 வாட். நல்ல விஷயம்தான்.

ஆனால் அதே ஜன்னல் மேற்கு பார்த்து இருந்து, மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் அளவில் நேராக அடித்தால்? சாதாரண கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விடும். அதாவது 600 வாட். இரண்டு கண்ணாடி இருந்தாலும் கிட்டத்தட்ட 70 சதவீதம், 500 வாட்டுக்கு மேல் உள்ளே வந்துவிடும். நீங்கள் மிச்சம் பிடித்தது 40 வாட். வெயிலில் உள்ளே வருவது 500 வாட்.

எனவே வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்க வேண்டும். அதற்கு உங்கள் பழைய மரக் கதவே போதும். மாலை 2 மணிக்கு மேல் மேற்குப் பக்க மரக் கதவைச் சாத்துங்கள். வெளியே சன்ஷேட், மூங்கில் தட்டி, வெட்டிவேர் தட்டி எதுவானாலும் கண்ணாடியைவிட நல்ல பலன் தரும். மரக் கதவைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி ஜன்னல் வைத்தால் இந்த வசதி போய்விடும். ஏசி பில் ஏறும்.

மாடியின் கடைசித் தளத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வீட்டு சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. ஜன்னலுக்குச் செலவு செய்யும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது பற்றி யோசியுங்கள்.

ஏசிக்கு இரண்டாம் கண்ணாடி தரும் உண்மையான உதவி, கசிவை நிறுத்துவதுதான். இடுக்கு வழியாக குளிர்ந்த காற்று வெளியே போய், ஈரமான சூடான காற்று உள்ளே வந்தபடி இருந்தால் ஏசி ஓய்வில்லாமல் ஓடும்.

ஏசி போட்டா நடுவுல தண்ணி கோக்குமே?

நல்ல கேள்வி. குளிர் நாட்டில் அறைக்குள் இருக்கும் ஈரம், வெளிக் கண்ணாடியில் பட்டு நீராகும். அதனால் அங்கே உள் கண்ணாடியை இறுக்கமாக அடைத்து, வெளி ஜன்னலில் லேசாகக் காற்று போக வழி விடுவார்கள். யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களிலும் இதையே சொல்வார்கள்.

சென்னையில் கதை தலைகீழ். 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள கடற்கரைக் காற்று, சுமார் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எதன்மேல் பட்டாலும் நீர்த்துளியாகும். ஏசியை 18-ல் வைத்தால் உள் கண்ணாடி குளிர்ந்துவிடும். பழைய ஜன்னல் இடுக்கு வழியாக நடுவில் நுழையும் ஈரக்காற்று அதன்மேல் பட்டு வியர்க்கும். வழிந்த நீர் கீழே மரச் சட்டத்தில் தேங்கினால், இத்தனை ஆண்டு நின்ற தேக்கு உங்கள் காலத்தில் உளுத்துப் போகும்.

இதற்கு மூன்று வழி. ஒன்று, வெளியே உள்ள பழைய ஜன்னலின் இடுக்கையும் முதலில் அடையுங்கள். இரண்டு, ஏசியை 24 முதல் 26 டிகிரிக்குள் வையுங்கள். 2020 ஜனவரி முதல் விற்கப்படும் ஏசிகள் தொடக்கத்திலேயே 24 டிகிரியில்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. மூன்று, உள் கண்ணாடி கட்டாயம் திறக்கும் மாதிரியாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து துடைக்க முடியாத கண்ணாடி, வடசென்னையில் ஆறு மாதத்தில் தூசிப் பெட்டியாகிவிடும்.

எப்படிப் பொருத்துவது? எதைச் செய்யக் கூடாது?

முதல் படி, கண்ணாடியே வேண்டாம். ஒரு நல்ல தச்சரை அழைத்து பழைய ஜன்னலைச் சரி செய்யுங்கள். தொங்கிப்போன கீல், சேராத கதவு, உதிர்ந்த பட்டி, கரையான் அரித்த மூலை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியில் துரு இருந்தால் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடியுங்கள். கதவு சேரும் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம். ஒரு வாரம் தூங்கிப் பாருங்கள். இதுவே போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, அக்ரிலிக் ஷீட். காந்தப் பட்டை அல்லது கிளிப் வைத்து மாட்டிக் கழற்றும் வகை. 6 மி.மீ. அக்ரிலிக், அதே கன கண்ணாடியைவிடப் பாதி எடைதான். வாடகை வீட்டுக்கு இது வசதி. காலி செய்யும்போது கையோடு கொண்டு போகலாம். ஆனால் கீறல் விழும், தீப்பிடிக்கும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். எடை குறைவு என்பதால் சத்தத் தடுப்பும் கண்ணாடியைவிடக் குறைவு.

மூன்றாம் படி, அலுமினியம் அல்லது மரச் சட்டத்தில் கண்ணாடி. சத்தம்தான் முக்கியப் பிரச்னை என்றால் லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய வகை. உடைந்தாலும் சிதறாது, அதிர்வையும் உறிஞ்சும். நாலடிக்கு நாலடி ஜன்னலுக்கு 6 மி.மீ. கண்ணாடி மட்டுமே 22 கிலோ வரும் என்பதால் சட்டமும் ரோலரும் அதைத் தாங்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

• பழைய தேக்கு நிலையில் நேரடியாக ஓட்டை போட விடாதீர்கள். சுவரின் உள் விளிம்பில் தனிச் சட்டம் அமைத்து அதில் பொருத்தச் சொல்லுங்கள். நாளைக்கே கழற்றினாலும் பழைய ஜன்னலில் வடு இருக்கக் கூடாது.

• மரத்தின்மேல் சிலிகான் பூசி நிரந்தரமாக ஒட்ட வேண்டாம்.

• சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தால் சிமென்ட் வைத்து அடைக்காமல் சுண்ணாம்புக் கலவையே பூசுங்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து பக்கத்துச் சுவரையும் உதிர வைக்கும்.

• ஸ்க்ரூ, கீல் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பு ஸ்க்ரூ கடற்கரை உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

• பழைய கதவின் தாழ்ப்பாளைத் திறக்க கை போகிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால், உள் கண்ணாடி பக்கவாட்டில் நகரும் வகையாக இருந்தால் சுலபம்.

• மேலே உள்ள வெண்டிலேட்டரை மறக்காதீர்கள். கீழே எவ்வளவு செலவு செய்தாலும், மேலே ஓட்டை இருந்தால் அந்த 1 சதவீதக் கணக்கு அங்கேயே வந்து நிற்கும்.

எல்லாத்தையும் அடைச்சா காத்து எப்படி வரும்?

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிக் குளிர்விக்கும். எல்லா ஜன்னலையும் இறுக்கி அடைத்து நான்கு பேர் தூங்கினால், காலையில் தலை கனப்பாக இருக்கும்.

சாலைப் பக்க ஜன்னலுக்கு மட்டும் இரண்டாம் கண்ணாடி போடுங்கள். பின்பக்கம், முற்றம், சந்து என சத்தம் குறைந்த பக்கத்தில் ஒரு ஜன்னலை அல்லது வெண்டிலேட்டரை காற்றுக்கு விட்டு வையுங்கள். எல்லா ஜன்னலுக்கும் போடுவதைவிட இதற்குச் செலவும் குறைவு. மாலைக் கடல் காற்று வீசும் நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். அந்தக் காற்றுக்காகத்தான் பழைய ஆட்கள் இவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தார்கள்.

தூசி பற்றியும் ஒன்று. இடுக்கு அடைபட்டால் திண்டில் படியும் கரித்தூசி குறையும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், ஜன்னலைத் திறக்கும்போதும் கதவு வழியாகவும் வரத்தான் செய்யும். இரண்டாம் கண்ணாடி காற்று சுத்திகரிப்பான் அல்ல.

வாயுக் கசிவு, தீ விபத்து நேரத்தில்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா குழாயில் கசிவு ஏற்பட்டதை இந்தப் பகுதி மறக்காது. தூக்கத்தில் இருந்து எழுந்து மக்கள் தெருவுக்கு ஓடினர். பலர் மூச்சுத் திணறலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இரண்டாம் கண்ணாடி இதுபோன்ற நேரத்தில் பாதுகாப்புக் கவசம் ஆகாது. உள்ளேயே இருப்பதா, வெளியேறுவதா என்பதை மாவட்ட நிர்வாகமும் தீயணைப்புத் துறையும் சொல்வதன்படி முடிவு செய்யுங்கள். ஜன்னலைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான். சாத்தவும் திறக்கவும் சில விநாடிகள் போதும்படி இருக்க வேண்டும். வீட்டுக்குள் சமையல் கேஸ் கசிந்தால் உடனே திறக்க வேண்டியதும் இதே ஜன்னல்தான். வீட்டில் உள்ள வயதானவர், பிள்ளைகள் என எல்லோருக்கும் திறக்கத் தெரிய வேண்டும். சாவி போட்டுப் பூட்டும் வகை வேண்டாம். தப்பிக்க வழியாக ஒரு ஜன்னல் கம்பியில் திறக்கும் பகுதி இருந்தால், அதை கண்ணாடிச் சட்டம் மறைக்கக் கூடாது.

பாரம்பரியக் கட்டடம் என்றால் அனுமதி வேண்டுமா?

1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் வடசென்னையில்தான் இருக்கிறது. இதுபோன்ற அரசுக் கட்டடங்கள் மட்டுமல்ல, தனியார் கட்டடங்களும் பாரம்பரியப் பட்டியலில் வரலாம். அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நகரின் பாரம்பரியக் கட்டடங்கள் மீது கவனம் கூடியது. இவற்றில் மாற்றம் செய்வதைப் பரிசீலிக்க சிஎம்டிஏ-வில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் 2012-ல் நிறைவேற்றப்பட்டது.

உங்கள் கட்டடம் பட்டியலில் இருந்தால் வேலை தொடங்கும் முன் சிஎம்டிஏ-விடம் கேட்டுவிடுங்கள். பட்டியலில் இல்லாத சாதாரண பழைய வீட்டில் உள்பக்கம் கழற்றக்கூடிய கண்ணாடி பொருத்துவது, தெருவில் இருந்து பார்த்தால் எந்த மாற்றத்தையும் காட்டாது. அதுதான் இந்த முறையின் பெரிய பலமும்கூட. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பழைய ஜன்னலுக்கும் புதுக் கண்ணாடிக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுவீர்கள்? 4 அங்குலத்துக்குக் குறைவு என்றால், சத்தத்துக்காகச் செய்பவர்கள் யோசிக்க வேண்டும்.

2. கண்ணாடி எந்த வகை, எத்தனை மி.மீ.? சட்டத்தின் நான்கு பக்கமும் ரப்பர் கேஸ்கெட் வருமா?

3. துடைப்பதற்கு எப்படித் திறப்பது? நீங்களே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.

4. ஸ்க்ரூ எங்கே அடிப்பீர்கள், நிலையிலா சுவரிலா?

5. முதலில் ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் செய்து தருவீர்களா?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். சாலை பார்த்த படுக்கை அறை ஜன்னல் ஒன்றுக்கு மட்டும் போட்டு ஒரு மாதம் பாருங்கள். இரவில் ஒருமுறை, கண்ணாடியைத் திறந்தும் மூடியும் மொபைலில் ஒலி அளக்கும் செயலியில் பாருங்கள். அந்த எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பலன் இருந்தால் மற்ற ஜன்னலுக்கும் போடலாம். இல்லையென்றால் ஒரு ஜன்னல் செலவோடு போயிற்று.

சாலையில் ஓடும் லாரியையும், காற்றில் வரும் கரித்தூசியையும் குறைக்க வேண்டியது அரசும் தொழிற்சாலைகளும்தான். அந்தக் கேள்வியை வடசென்னை மக்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு பதில் வரும்வரை, இன்று இரவு தூங்கியாக வேண்டும். அதற்காக தாத்தா காலத்து ஜன்னலை பழைய மரக்கடைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.